ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஆயில் அளவு பார்ப்பது எப்படி? ஆறின வண்டியில் பார்த்து ஏமாறாதீர்கள்

பழைய ஐ10 ஆட்டோமேட்டிக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிய புதிது. ஒரு ஞாயிறு காலை, சத்துவாச்சாரி வீட்டு வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்த கையோடு கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) உருவிப் பார்த்தேன். ஆயில் 'ஹாட்' கோட்டுக்கு எங்கோ கீழே நின்றது. குறைந்திருக்கிறது என்று நானே முடிவு செய்து அரை லிட்டர் ஊற்றினேன். அன்று மதியம் ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி நிறுத்தினால், வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு ஆயில். மறுநாள் ஷெட்டில் மெக்கானிக் அண்ணன் ஒரே ஒரு முறை டிப்ஸ்டிக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா தம்பி, சாம்பார் கெட்டியாயிடுச்சுன்னு தண்ணி ஊத்தற மாதிரி ஊத்திட்டியா?" ஊற்றின ஆயிலுக்கு ஒரு செலவு, அதை உறிஞ்சி எடுக்க இன்னொரு செலவு.

ஆயில் உண்மையில் குறையவே இல்லை. கியர்பாக்ஸ் ஆயில் சூடானால் நன்றாக விரியும். 'ஹாட்' கோடு என்பது ஆயில் 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும்போது எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான கோடு. ஆறின ஆயிலை அந்தக் கோட்டோடு ஒப்பிட்டால் குறைவாகத்தான் தெரியும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் இதற்கு நேர்மாறு: டார்க் கன்வெர்ட்டருக்குள் (எஞ்சின் சக்தியை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) இருக்கும் ஆயில் மெல்லக் கீழே தொட்டிக்கு இறங்கி, அளவைக் கூட்டிக் காட்டும். அதனால்தான் பெரும்பாலான வண்டிகளில் சூடாகவும், எஞ்சின் ஓடும்போதும் பார்க்கச் சொல்கிறார்கள். பல ஹோண்டா கார்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் வண்டியைச் சூடாக்கி, எஞ்சினை அணைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். உங்கள் வண்டி எந்த ரகம் என்பது கையேட்டில் இருக்கும். கையேடு சொல்வதே கடைசிச் சொல்.

பானெட்டைத் திறப்பதற்கு முன் இன்னொரு கேள்வி: உங்கள் வண்டியில் டிப்ஸ்டிக் இருக்கிறதா? தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் வேலூரைக் கேலி செய்வார்கள். (கோயிலுக்கு 1981-லேயே சாமி வந்துவிட்டார், கேலி மட்டும் போகவில்லை.) அந்தப் பட்டியலில் டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸையும் இன்று சேர்த்துவிடலாம். ஏஎம்டி வண்டி என்றால் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் கை காலுக்குப் பதிலாக ஓர் இயந்திரக் கை கிளட்ச்சையும் கியரையும் இயக்குகிறது, அவ்வளவே. இந்தச் செய்முறை அதற்குப் பொருந்தாது. டிசிடி (இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்), புதிய சிவிடி (பெல்ட்டில் இயங்கும் கியர்பாக்ஸ்), புதிய ஆட்டோமேட்டிக் பலவற்றிலும் டிப்ஸ்டிக் கிடையாது. வண்டியைச் சமமாகத் தூக்கி, ஸ்கேனரில் ஆயில் சூட்டைப் பார்த்து, அடியில் உள்ள பிளக்கைத் திறந்து அளக்க வேண்டும். வாசலில் ஜாக்கி போட்டுச் செய்கிற வேலை அல்ல அது. ஷெட்டுக்கே போங்கள்.

டிப்ஸ்டிக் இருக்கிறதா? சரி, ஆரம்பிக்கலாம்.

முதலில் வண்டியைச் சூடாக்குங்கள். கால் மணி நேரத்திலிருந்து இருபது நிமிடம் வரை ஓட்டினால் போதும். நான் வாலாஜா பக்கம் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவேன். கத்திரி வெயிலில் காட்பாடி மேம்பால நெரிசலில் மாட்டிக்கொண்டு வந்த வண்டியை மட்டும் உடனே பார்க்காதீர்கள். ஆயில் அளவுக்கு மேல் கொதித்திருக்கும், கோட்டைத் தாண்டிக் காட்டும். அரை மணி நேரம் ஆறவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

அடுத்து, சமதரை. நம் தெருக்களில் பாதி, சாக்கடைப் பக்கம் சாய்ந்தே இருக்கும். கண்ணை நம்பாமல் தரையில் ஒரு கோலிக் குண்டை வைத்துப் பாருங்கள். ஓடினால் வேறு இடம். மூடிய கார் ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட வேண்டாம், புகை ஆளையே சாய்த்துவிடும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள்.

இப்போது பிரேக்கை அழுத்தி மிதித்தபடி கியரை 'பி'-யிலிருந்து 'ஆர்', 'என்', 'டி' என்று ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நொடி நிறுத்தி நகர்த்துங்கள். உள்ளே இருக்கும் வழிகளிலெல்லாம் ஆயில் நிரம்பட்டும். திரும்ப 'பி'-க்குக் கொண்டுவந்து, எஞ்சினை ஓடவிட்டு இறங்குங்கள். துப்பட்டா, வேட்டி முனை, தொங்கும் சங்கிலி எதுவும் எஞ்சின் பக்கம் போகக்கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும்.

எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கும் கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கும் வேறு வேறு. கைப்பிடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உருவுங்கள். முதல் முறை வருவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், குழாயின் சுவரில் ஒட்டியிருந்த ஆயிலும் சேர்ந்து வந்திருக்கும். துடைத்து, கடைசி வரை உள்ளே தள்ளி, மறுபடி உருவுங்கள். துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம். அதிலிருந்து பிரியும் ஒரு நூல் உள்ளே போய் வால்வில் சிக்கினால், கியர் மாறும்போது வண்டி உதைக்கும். நூல் பிரியாத சுத்தமான துணி போதும். டிப்ஸ்டிக்கின் முனை கீழ்நோக்கியே இருக்கட்டும், மேலே தூக்கிப் பிடித்தால் ஆயில் வழிந்து கோடு மாறிவிடும். இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் தெரிந்தால் தாழ்வானதுதான் சரி. 'ஹாட்' பகுதியின் இரண்டு கோட்டுக்கு நடுவில் எங்கே நின்றாலும் நல்லதே. மேல் கோட்டைத் தொட வைக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள்.

பார்த்த கையோடு ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். சிவப்பு நிற ஆயில் என்றால் புதிதில் மாதுளை ஜூஸ் போல் தெளிவாக இருக்கும் (சில சிவிடி ஆயில் வேறு நிறத்தில் வரும்). நாளாக ஆகக் கொஞ்சம் பழுப்பேறுவது இயல்பு. டிகாக்‌ஷன் போல் கறுத்து, அடிப்பிடித்த வாடையும் அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்து காந்துகின்றன என்று சந்தேகப்படலாம். ரோஸ் மில்க் போல் கலங்கித் தெரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். பல வண்டிகளில் கியர் ஆயில் ரேடியேட்டருக்குள் போய்த்தான் குளிர்ந்து வரும். அங்கே ஓட்டை விழுந்து கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருக்கலாம். இழுவை வண்டியில் ஏற்றித்தான் ஷெட்டுக்கு அனுப்ப வேண்டும்.

உண்மையிலேயே குறைந்திருந்தால்? கையேட்டில் எந்த ஆயில் போட்டிருக்கிறதோ அதே ஆயில். என் ஐ10-க்கு எஸ்பி-3 என்ற ரகம். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். டிப்ஸ்டிக் குழாயிலேயே நீளமான ஒல்லிப் புனல் வைத்து 100 மில்லி ஊற்றுங்கள். கியரை மறுபடி எல்லா நிலைக்கும் நகர்த்தி, மறுபடி பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு 100. பொறுமை இல்லாமல் கூடுதலாக ஊற்றினால் உள்ளே சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் அழுத்தம் நிற்காது. கியர் ஸ்லிப் ஆகும், மிஞ்சினது காற்றுத் துளை வழியாக வெளியே வரும். என் ஏலகிரிக் கதை அதுதான்.

கியர் ஆயில் எஞ்சின் ஆயில் போல் எரிந்து குறைவதில்லை. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் சிவப்புக் கறை இருந்தால், எந்த இடத்துக்கு நேர் கீழே என்று பேனாவால் குறித்து, அட்டையையே ஷெட்டுக்கு எடுத்துப் போங்கள். வெறும் தண்ணீர் என்றால் பயமில்லை, அது ஏசியிலிருந்து வந்தது.