ஜூனியர் வக்கீலுக்கு ஒரு சீனியர் போதாது

சட்டம் படித்து, பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு முடிந்த கையோடு எல்லோரும் தேடுவது பெயர் பெற்ற சீனியரை. வீட்டில் முதல் தலைமுறை வக்கீல் என்றால் இந்தத் தேடல் இன்னும் பதற்றமானது. ஆனால் பெயரைவிட முக்கியமானது, அந்த அலுவலகத்தில் உங்கள் கைக்கு என்ன வேலை வரும் என்பது. ஏற்கெனவே பத்துப் பதினைந்து ஜூனியர்கள் இருக்கும் இடத்தில் கடைசியாகச் சேர்பவர் வருஷம் முழுக்க வாய்தா வாங்கியே கழிக்க நேரும். இரண்டே ஜூனியர் உள்ள தாலுகா கோர்ட் சீனியரிடம் சில மாதங்களிலேயே சாட்சி விசாரணையைத் தொட முடியும்.

சேருமுன் விசாரியுங்கள். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு நிலையை வக்கீல் பெயரைக் கொண்டு தேடலாம். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், அதனால் பார் பதிவு எண் கிடைத்தால் நல்லது. நிலுவையில் உள்ளவை என்ன வகை என்று பாருங்கள். எல்லாமே மோட்டார் விபத்து இழப்பீடு என்றால் சொத்து வழக்கு அங்கே கற்க முடியாது. நாலைந்து வழக்குகளின் வாய்தா வரலாற்றைத் திறந்தால், அவை சாட்சி நிலைக்கு நகர்கின்றனவா, தள்ளிக்கொண்டே போகின்றனவா என்பது தெரிந்துவிடும். பிறகு இரண்டு நாள் அந்தக் கோர்ட்டில் போய் உட்காருங்கள். நீதிபதி கேட்டதற்கு ஜூனியர் தடுமாறும்போது சீனியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இதைவிட நல்ல நேர்காணல் கிடையாது. முன்னாள் ஜூனியர் ஒருவரிடம் இரண்டே கேள்வி போதும்: எழுதிக் கொடுத்த பிராதை (வழக்கு மனுவை)த் திருத்தித் தருவாரா? சொந்தமாக வக்காலத்து (கட்சிக்காரருக்காக ஆஜராகும் அதிகாரப் பத்திரம்) போட விடுவாரா?

பணத்தை முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் எனச் சுற்றறிக்கை விடும்படி 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகர்ப்புறத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 எனப் பரிந்துரைத்தது. எல்லா அலுவலகமும் இதைத் தருவதில்லை. அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

காலையில் கோர்ட் வராந்தாவில் மறித்துக் கேட்காதீர்கள். குமாஸ்தாவிடம் நேரம் கேட்டு, மாலையில் அலுவலகத்துக்குப் போங்கள். “சார், சிவில் வேலை கத்துக்கணும். ஒரு மாசம் வர்றேன், என் வேலையப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்றால் போதும். அகில இந்திய பார் தேர்வு முடிந்ததா, தமிழ் தட்டச்சு தெரியுமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சேர்ந்த பிறகு, எதை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் உறவு நிற்கும் அல்லது விழும். “இதுல என்ன சார் பண்றது?” என்றால் சீனியர் வழக்குக் கட்டை முதலிலிருந்து படித்தாக வேண்டும். இரண்டாம் முறை உங்களுக்கு நேரம் ஒதுக்க மாட்டார். இப்படிக் கேளுங்கள்: “நம்ம கட்சிக்காரருக்கு சம்மன் கிடைச்சது மார்ச் 3. பிராதுக்குப் பதிலா போடற எதிருரைக்கு 30 நாள் தாண்டிடுச்சு, 90 நாள் ஜூன் 1-ல முடியுது. தாமதத்துக்குக் காரணம் காட்டி மனு தயார் பண்ணியிருக்கேன். இதோடவே எதிருரையும் போட்டுடலாமா சார்?” தேதி, சட்டம், உங்கள் முடிவு மூன்றும் இதில் இருப்பதால் அரை நிமிடத்தில் பதில் வரும்.

சீனியருக்கு நீங்கள் தரக்கூடியதும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மாறின. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், வழக்கை ரத்து செய்யக் கோருவது அதன் கீழ்தான். அது இப்போது 528. புதிய சட்டத்தில் 482 என்பது முன்ஜாமீன், பழைய 438. முப்பது வருஷப் பழக்கத்தில் எண்ணைச் சொல்பவருக்குப் பக்கத்தில், ஒப்பீட்டுத் தாளோடு நிற்கும் ஜூனியருக்குத் தனி மதிப்பு.

இனி துணைகள். முதலாவது குமாஸ்தா. கோர்ட் கட்டணம் குறைவு, பக்க எண் இல்லை, வக்காலத்தில் ஸ்டாம்ப் இல்லை என்று மனு ரிட்டர்ன் ஆகும் காரணங்களைச் சட்டக் கல்லூரி சொல்லித் தராது, அவர் சொல்லுவார். “அண்ணே” என்று மரியாதையோடு கேளுங்கள், எடுபிடியாக நடத்தாதீர்கள். அடுத்து, வேறு அலுவலகங்களில் உள்ள சம வயது ஜூனியர்கள் மூன்று நான்கு பேர். நீங்கள் இன்னொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டால் பாஸ் ஓவர் (வழக்கைச் சற்றுப் பிறகு அழைக்கும்படி) கேட்க அவர்களே உதவி. ஆனால் கட்சிக்காரர் சொன்னதை அவர்களிடம் வாய்விடக் கூடாது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நகலை நேரத்தில் கொடுங்கள். அவர் நாளை உங்களுக்கே வழக்கு அனுப்பக்கூடும்.

மூன்றாவது வகையைப் பலர் தேடுவதே இல்லை. உங்களைவிட ஐந்தாறு வருஷம் மூத்த, உங்கள் அலுவலகத்தில் இல்லாத ஒருவர் வேண்டும். சம்பளம் வரவில்லை, சீனியர் கத்துகிறார், வேறு இடம் போகலாமா என்பதையெல்லாம் சீனியரிடமே கேட்க முடியாது. பெண்களுக்கு இந்தத் துணை இன்னும் அவசியம். பாலியல் தொல்லை என்றால், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் அலுவலகத்தில் உள் புகார்க் குழு இருக்காது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம்.

உறவு முறிவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். ஒன்று, சீனியரின் கட்சிக்காரர் உங்களுக்கு நேரடியாகப் போன் செய்ததை மறைப்பது. அன்றே சொல்லிவிடுங்கள். மற்றொன்று, தவறவிட்ட வாய்தாவை ஒளிப்பது. நம் தரப்பு வராததால் வரும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணையை ரத்து செய்ய மனு போட 30 நாள்தான். இன்று சொன்னால் ஒரு மனுவில் தீரும். நாற்பதாவது நாளில் சொன்னால் தாமத மன்னிப்பு மனுவும் சேரும், காரணம் எழுதும் இடத்தில் உங்கள் பெயர் வரும்.

விலகும்போது ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். வழக்கு எண், கோர்ட், அடுத்த வாய்தா, நிலை, செய்ய வேண்டியது என ஐந்து நெடுவரிசை கொண்ட பட்டியலைக் கட்டுகளோடு ஒப்படையுங்கள். உங்கள் பெயர் சேர்ந்துள்ள வக்காலத்துகளைத் தனியாகக் குறித்து, கோர்ட் பதிவிலிருந்து பெயரை நீக்க என்ன மனு வேண்டும் என்று குமாஸ்தாவிடம் கேட்டு முடித்துவிட்டுப் போங்கள்.