புளூ கோழி ஜோடியில் கறுப்புக் குஞ்சு ஏன்? நிறத்துக்காக இனம் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

புளூ சேவல், புளூ பெட்டை என்று ஒரு செட் வாங்கி 21 நாள் காத்திருந்தால், பொரிந்த குஞ்சுகளில் பாதிதான் புளூ. மிச்சத்தில் சில கரிக்கறுப்பு, சில அழுக்கு வெள்ளை. கலப்படக் கோழியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கோழி அசல்தான். அந்த நிறத்தின் கணக்கே அப்படி.

ஃபேன்சி கோழிக்காரர்கள் புளூ என்று சொல்வது நீலம் அல்ல, ஸ்லேட்டுப் பலகையின் சாம்பல். கறுப்பை நீர்த்துப்போக வைக்கும் ஒரு மரபணுவின் வேலை அது. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்து மட்டும் அது வந்தால் குஞ்சு புளூ. இரு பக்கமும் வந்தால், வெளிறிய உடலில் சாம்பல் திட்டுகள் தெளித்த ஸ்பிளாஷ். எந்தப் பக்கமும் வராவிட்டால் கறுப்பு. ஆக, புளூவோடு புளூ சேர்த்தால் 25 சதவீதம் கறுப்பு, 50 புளூ, 25 ஸ்பிளாஷ். 32 குஞ்சு பொரிந்தால் சுமாராக 8, 16, 8. எட்டே குஞ்சு எடுத்துவிட்டு இந்தக் கணக்கு பொய் என்று சொல்லக் கூடாது. எட்டில் இரண்டு மட்டும் புளூவாக வருவதும் உண்டு, ஆறு வருவதும் உண்டு.

பெரிய தவறு இதற்குப் பிறகுதான் நடக்கிறது. கறுப்பையும் ஸ்பிளாஷையும் கழிசல் என்று கறிக்கு அனுப்பிவிட்டு, புளூவை மட்டும் நிறுத்தி மறுபடியும் புளூவோடு சேர்ப்பார்கள். மறுபடியும் பாதிதான் புளூ. எத்தனை தலைமுறை போனாலும் இதுதான் கதை. இங்கிலாந்தில் அண்டலூசியன் என்ற புளூ இனக் கோழி வளர்த்தவர்களும் இப்படித்தான் கழித்துக்கொண்டிருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேட்சன், பன்னெட் என்ற மரபியல் ஆய்வாளர்கள் அந்தக் கோழியை வைத்துச் செய்த சோதனைகளில் புதிர் அவிழ்ந்தது. கழித்த இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்தால், அதாவது ஸ்பிளாஷ் சேவலைக் கறுப்புப் பெட்டைகளோடு விட்டால், பொரியும் அத்தனை குஞ்சும் புளூ. சேவல் கறுப்பு, பெட்டை ஸ்பிளாஷ் என்று மாற்றினாலும் பலன் அதேதான். இந்த மரபணு ஆண், பெண் பேதம் பார்ப்பதில்லை. புளூவோடு கறுப்பு சேர்ந்தால் பாதி புளூ, பாதி கறுப்பு. புளூவோடு ஸ்பிளாஷ் சேர்ந்தால் பாதி புளூ, பாதி ஸ்பிளாஷ்.

அதற்காகக் கையில் கிடைத்த கறுப்புப் பெட்டையைக் கொண்டுவந்து விடவும் முடியாது. புளூ வம்சத்திலேயே பொரிந்த கறுப்புதான் நல்லது. இறகின் ஓரத்தில் கருங்கோடு தெளிவாக விழுவதும், சாம்பல் ஆழமாக இருப்பதும் வேறு பல மரபணுக்களின் கையில் இருக்கின்றன. புளூ வம்சத்துக் கறுப்பிடம் அவை ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். கறுப்புக்காகக் கடக்நாத்தைச் சேர்ப்பவர்கள் உண்டு. இறகோடு தோலின் கறுப்பும் சேர்ந்து வரும், பிறகு அதைக் களைவதற்குள் தலைமுறைகள் ஓடிவிடும். செவலைப் பெட்டையைச் சேர்ப்பது இன்னொரு வினை. புளூ மரபணு கறுப்பைத்தான் தொடும், சிவப்பைத் தொடாது. குஞ்சின் கழுத்திலும் நெஞ்சிலும் செம்மை அப்படியே கசியும்.

வாங்கும்போதே ஏமாறும் இடம் இரண்டு. முதலாவது லாவெண்டர். அதுவும் சாம்பல்தான், ஆனால் வேறு மரபணு; இரு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும். லாவெண்டர் ஜோடிக்கு எல்லாக் குஞ்சும் லாவெண்டராகவே பொரியும். அதை புளூவோடு சேர்த்தால் முதல் தலைமுறையில் ஒரு லாவெண்டரும் வராது, பாதி புளூ, பாதி கறுப்பு என்று வந்து, லாவெண்டர் உள்ளே ஒளிந்துகொள்ளும். சேவலைப் பார்த்தால் பிரித்துவிடலாம். லாவெண்டர் சேவலுக்குக் கழுத்து, முதுகு, நெஞ்சு எல்லாம் ஒரே வெளிர் சாம்பல். புளூ சேவலுக்குக் கழுத்தும் முதுகும் உடலைவிட நன்றாகக் கறுத்திருக்கும். இது தெரியாமல் “கலர் ஒரே மாதிரி இல்லை” என்று அருமையான புளூ சேவலைத் தள்ளிவிடுபவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது, வெள்ளைக் கோழியில் அங்கங்கே புள்ளி இருந்தால் அதை ஸ்பிளாஷ் என்று விற்பது. புள்ளியின் நிறத்தைப் பாருங்கள். சாம்பலாக இருந்தால் ஸ்பிளாஷ். மசிக்கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் ஓங்குவெள்ளை, அதாவது கறுப்பை மறைத்து வெள்ளையாக்கும் வேறொரு மரபணு, ஒரு பக்கம் மட்டும் வந்த கோழி. சந்தேகமாக இருந்தால் கறுப்புப் பெட்டையோடு விட்டுப் பத்துக் குஞ்சு எடுங்கள். ஸ்பிளாஷ் என்றால் பத்தும் புளூ. ஓங்குவெள்ளை என்றால் சுமார் பாதி வெள்ளை, பாதி கறுப்பு.

சேவலை மாற்றிய மறுநாளே முட்டை சேர்க்கத் தொடங்குவது கணக்கை மொத்தமாகக் குழப்பும். பெட்டையின் உடலில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடிருக்கும். குறைந்தது 3 வாரம் போகட்டும், அதுவரை வரும் முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

முட்டையில் பென்சிலால் கூட்டின் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். இங்குபேட்டரில் 18ஆம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தும்போது ஒவ்வொரு ஜோடியின் முட்டைகளையும் தனித்தனித் தடுப்புக்குள் வையுங்கள். வெங்காய வலைப்பை மலிவுதான், ஆனால் கண்ணி பெரிதாக இருந்தால் குஞ்சின் கால் மாட்டும். பொடிக்கண்ணிக் கம்பி வலைத் தடுப்பு உத்தமம். பொரிந்து காய்ந்ததும் கால் விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வில் துளையிட்டு அடையாளம் வைக்க வேண்டும். ஒரு காலுக்கு இரண்டு சவ்வு, ஆக நான்கு இடம். துளை போட்டது, போடாதது என்று கலந்தால் 16 அடையாளம் கிடைக்கும். வெட்டிய துண்டு முழுதாக விழுந்ததா என்று பாருங்கள். தொங்கிக்கொண்டிருந்தால் ஒட்டி வளர்ந்து துளை மூடிவிடும், பிறகு எது யார் குஞ்சு என்று தெரியாது.

கடைசியாக, அவசரம். குஞ்சின் பஞ்சு மயிரைப் பார்த்தால் கறுப்பா புளூவா என்று ஓரளவு சொல்லலாம். கறுப்புக் குஞ்சுக்கு வயிறு வெளுத்திருக்கும், அதைக் கலப்பு என்று நினைக்க வேண்டாம். வெளிர் புளூவையும் ஸ்பிளாஷையும் பிரிக்க முதல் சிறகு முளைக்கும்வரை பொறுக்க வேண்டும். கருங்கோட்டின் தரமோ பெரிய இறகு வந்த பிறகுதான் தெரியும். பெட்டை மறைத்துவைக்கும் செம்மையைச் சேவல் கழுத்து இறகில் காட்டிக்கொடுக்கும், அதுவும் ஐந்தாறு மாதத்துக்கு மேல். மூன்று மாதத்தில் இதுதான் இனச்சேவல் என்று ஒன்றைப் பிடித்துவைத்து மற்றதை விற்றுவிட்டால், செம்மை கசியும்போது மாற்றுச் சேவல் கையில் இருக்காது. மூன்று நான்கையாவது எட்டு மாதம்வரை நிறுத்துங்கள்.

வெயிலும் கண்ணை ஏமாற்றும். நம் ஊர் வெயிலில் புளூ இறகு சில மாதத்தில் பழுப்பேறிவிடும். அதை வம்சக் குறை என்று தள்ள வேண்டாம். இறகு உதிர்த்துப் புது இறகு முழுதாக வந்தவுடன் பார்ப்பதே சரியான தேர்வு. அந்த நாட்களில் கம்பும் அரிசிக்குருணையும் மட்டும் போட்டால் இறகு நலிந்து, ஓரம் பிய்ந்து வரும், கோடு இருந்தும் தெரியாது. இறகு பெரும்பகுதி புரதம்தான். முட்டைக்கோழித் தீவனத்தோடு கொஞ்சம் உப்பில்லாத கருவாட்டுத் தூள் சேருங்கள். தேர்வு செய்யும்போது கோழியை நிழலில் பிடித்து, முதுகு இறகு ஒன்றை விரலால் விரித்து, அடிப்பகுதி நிறத்தையும் பாருங்கள். வெயில் படாத அந்த அடியிறகு பொய் சொல்லாது.