மாலைக் கூட்டம் ஒரு மணி நேரம் முன்னால் போன கதை

எங்கள் குழுவில் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம். வாராந்திரக் கூட்டம் மாலை 6:30க்கு. மார்ச் நடுவில் திடீரென்று பாதிப் பேர் 5:30க்கே வந்து காத்திருந்தார்கள், மீதிப் பேர் வழக்கம்போல 6:30க்கு. யாரோ அலட்சியமாக இருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருவரைக் கடிந்தும் கொண்டேன்.

மடிக்கணினிகளின் கடிகாரம் சரியாகத்தான் இருந்தது. காலண்டர் செயலியை நீக்கித் திரும்ப நிறுவினோம், அழைப்பை மறுபடி அனுப்பினேன். பலனில்லை. நான்கு நாள் போனது.

அப்புறம்தான் ஒன்று கவனித்தேன். 5:30க்கு வந்தவர்கள் எல்லாரும் காலண்டர் நினைவூட்டலைப் பார்த்து வந்தவர்கள். மற்றவர்கள் பழக்கத்தில் வந்தவர்கள்! நிகழ்வைத் திறந்து, நேரத்துக்குப் பக்கத்தில் உள்ள நேர மண்டலத்தைப் பார்த்தால், 'நியூயார்க்'. முதலில் அதை உருவாக்கியவரின் கணினி அந்த மண்டலத்தில் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி வைப்பார்கள். எங்கள் யார் ஊரிலும் அந்த வழக்கமே இல்லை. நிகழ்வு நியூயார்க் நேரத்தோடு கட்டப்பட்டிருந்ததால், அங்கே கடிகாரம் முன்னே போனதும் எங்கள் காலண்டரில் 6:30 கூட்டம் 5:30 ஆகிவிட்டது.

மண்டலத்தை எங்கள் ஊருக்கு மாற்றி, 6:30 என்று திருத்தி, 'இதுவும் இனி வருபவையும்' என்று சேமித்தேன். 'இது மட்டும்' என்று கொடுத்தால் அடுத்த வாரம் திரும்பவும் 5:30தான். கடிந்துகொண்டவரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று.