மகளுக்குப் பெண்கள் கிராமர் பள்ளி சரிவருமா? இங்கிலாந்துப் பெற்றோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

வீட்டில் இயர் 5 (ஒன்பது, பத்து வயது) படிக்கும் மகள் இருந்தால், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் அந்தக் கேள்வி வந்தே தீரும்: "பிள்ளையை லெவன் பிளஸ்ஸுக்கு விடுகிறீர்களா? எந்த டியூஷன்?" லெவன் பிளஸ் என்பது கிராமர் பள்ளியில் இயர் 7 சேர்வதற்கான நுழைவுத் தேர்வு. பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. இடம் கிடைக்குமா என்பதுதான் எல்லோருடைய கவலையும். நானும் அந்தக் கவலையோடு ஒரு வருடம் ஓடினேன். மகள் சேர்ந்த பிறகுதான், அவள் ஏழு வருடம் இருக்கப்போகும் இடத்தைப் பற்றி எவ்வளவு குறைவாக விசாரித்திருக்கிறோம் என்று தெரிந்தது.

தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்லும் பதிவுகள் நிறைய இருக்கின்றன. இங்கே நான் எழுதுவது பள்ளியை எடைபோடுவது பற்றி மட்டும்.

படி 1: எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கிலாந்தில் 163 அரசு கிராமர் பள்ளிகள் இருக்கின்றன. 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புதிதாக ஒன்று தொடங்க முடியாது. அதனால்தான் இருக்கும் இடங்களுக்கு இவ்வளவு நெருக்கடி. கட்டணம் கிடையாது, தேர்வு மட்டும் உண்டு. பெயரில் 'கிராமர்' என்று வைத்துக்கொண்டு கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளும் உள்ளன, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

லண்டன் பக்கம் பெண்களுக்கானவை என்றால் கிங்ஸ்டனில் டிஃபின் கேர்ள்ஸ், ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்பில் ஹென்ரியெட்டா பார்னெட், ரெட்பிரிட்ஜில் வுட்ஃபர்ட் கவுன்டி ஹை, சட்டனில் நன்சச், வாலிங்டன் ஹை ஆகியவை உடனே நினைவுக்கு வரும். டூட்டிங், மிட்சம், குரோய்டன் பக்கம் வாழும் நம் குடும்பங்கள் அதிகம் முயல்வது சட்டன் பள்ளிகளுக்கு. அதனால் உதாரணங்களை அங்கிருந்தே எடுக்கிறேன்.

படி 2: முதலில் சேர்க்கை விதிகளைப் படியுங்கள்

பள்ளியைப் பார்க்கப் போகும் முன்பே இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு பள்ளியும் அடுத்த வருடத்துக்கான சேர்க்கை விதிகளை பிப்ரவரி 28-க்குள் முடிவு செய்து, மார்ச் 15-க்குள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். சில பக்கங்கள்தான், ஆனால் ஒவ்வொரு வரியும் முக்கியம். எத்தனை இடங்கள், அருகில் வசிப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டா, தூரத்தை எப்படி அளக்கிறார்கள், பியூப்பில் பிரீமியம் (பெரும்பாலும் வருமானம் குறைந்த குடும்பப் பிள்ளைகளுக்காக அரசு பள்ளிக்குத் தரும் நிதி) பெறும் பிள்ளைகளுக்குத் தனி இடம் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

தேர்வில் தேறுவதும் இடம் கிடைப்பதும் வேறு வேறு விஷயங்கள். தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கை இடங்களைவிடப் பல மடங்கு இருக்கும் பள்ளிகள் உண்டு. முந்தைய வருடங்களில் எந்த மதிப்பெண் வரை, எவ்வளவு தூரம் வரை இடம் போனது என்ற விவரத்தைப் பல பள்ளிகளும் கவுன்சில்களும் வெளியிடுகின்றன. மூன்று வருட விவரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உங்கள் வீட்டு முகவரிக்கு வாய்ப்பே இல்லை என்று தெரிந்தால், பிள்ளைக்கு ஒரு வருட அலைச்சல் மிச்சம்.

சட்டனில் நன்சச், வாலிங்டன் ஹை இரண்டுக்கும் முதல் கட்டத் தேர்வு ஒன்றுதான். அங்குள்ள மூன்று ஆண்கள் பள்ளிகளுக்கும் அதே தேர்வு. அதற்கான பதிவு, பள்ளி இடம் கேட்டு உள்ளூர் கவுன்சிலுக்குத் தரும் படிவத்திலிருந்து வேறானது, கோடைக்காலத்திலேயே முடிந்துவிடும். படிவம் அக்டோபரில்தானே என்று இருந்துவிட்டுத் தேர்வையே தவறவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

படி 3: தேர்வு முடிவுகளைச் சரியாகப் படியுங்கள்

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அரசின் பள்ளி ஒப்பீட்டுத் தளத்தில் பள்ளியின் பெயரைத் தட்டினால் அட்டெய்ன்மென்ட் 8 என்று ஓர் எண் வரும். ஜிசிஎஸ்இ-யில், அதாவது பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வில், எட்டுப் பாடங்களில் மாணவிகள் சராசரியாக எவ்வளவு எடுத்தார்கள் என்பது அது. ஆங்கிலமும் கணிதமும் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும், உச்சம் 90. இங்கிலாந்தின் சராசரி 46-ஐ ஒட்டி இருக்கும். பெண்கள் கிராமர் பள்ளிகள் இதைவிட வெகு உயரத்தில் நிற்கும். பார்த்ததும் மலைப்பாக இருக்கும். ஆனால் பத்து வயதிலேயே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்த பள்ளி அது. அந்த எண்ணில் பாதிக் கதை பிள்ளைகள் உள்ளே வரும் முன்பே எழுதப்பட்டுவிட்டது. பள்ளி என்ன சேர்த்தது என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்ல முயல்வது ப்ராக்ரஸ் 8. தொடக்கப் பள்ளி முடிவில் ஒரே அளவில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டு, இந்தப் பள்ளியில் எவ்வளவு கூடுதலாக முன்னேறினார்கள் என்று பார்க்கும். நாட்டின் சராசரி பூஜ்யம். ஒன்று என்றால், ஒரு பாடத்துக்கு ஒரு கிரேடு வீதம் கூடுதல். 2025, 2026 ஆண்டுகளுக்கு இந்த எண் கிடையாது, ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் 2020, 2021-இல் எழுதியிருக்க வேண்டிய இயர் 6 தேர்வுகள் கொரோனாவால் நடக்கவில்லை. ஆகவே 2024 வரையிலான எண்களைப் பாருங்கள்.

அப்புறம், இந்த எண்ணும் முழு உண்மை ஆகாது. வீட்டில் அம்மா அப்பா சொல்லிக்கொடுப்பதும், ஞாயிற்றுக்கிழமை டியூஷனும் இதில் சேர்ந்தே இருக்கும். அதனால் கிராமர் பள்ளியை எதிர்த்தெரு சாதாரணப் பள்ளியோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுவதில் பயனில்லை. நன்சச்சை வாலிங்டனோடு, டிஃபினை ஹென்ரியெட்டா பார்னெட்டோடு வைத்துப் பாருங்கள். அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

எண்களைப் பார்த்து முடித்ததும் பாடங்களைப் பாருங்கள். ஏ லெவலில் (பதினெட்டு வயதில் எழுதும் தேர்வு) இயற்பியலும் கணினி அறிவியலும் எத்தனை பெண்கள் எடுக்கிறார்கள்? இசை, நாடகம், ஜெர்மன் எல்லாம் இன்னும் இருக்கிறதா, ஆள் குறைவு என்று மூடிவிட்டார்களா? பெண்கள் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்குப் பலர் சொல்லும் காரணம், 'இது பையன்கள் பாடம்' என்ற எண்ணம் அங்கே இருக்காது என்பது. அந்தக் காரணம் இந்தப் பள்ளிக்குப் பொருந்துகிறதா என்று எண்ணிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

பல்கலைக்கழகப் பட்டியலில் ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். மற்றப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். உங்கள் மகள் அந்த மற்றவர்களில் ஒருத்தியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

படி 4: ஆஃப்ஸ்டெட் அறிக்கை

ஆஃப்ஸ்டெட் என்பது பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பு. அறிக்கையில் முதலில் தேதியைப் பாருங்கள். 2012 முதல் 2020 வரை 'அவுட்ஸ்டாண்டிங்' என்ற உச்ச மதிப்பீடு பெற்ற பள்ளிகளுக்கு வழக்கமான ஆய்விலிருந்து விலக்கு இருந்தது. அதனால் சில பள்ளிகளின் பெயர் பல வருடம் பழைய அறிக்கையின் மேலேயே நின்றது. 2024 செப்டம்பரோடு ஒற்றைச் சொல் தீர்ப்பு நீக்கப்பட்டது. 2025 நவம்பர் முதல் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி மதிப்பீடு தரும் முறை வந்திருக்கிறது. தலைப்பை விட்டுவிட்டு மாணவிகளின் மனநலம், நடத்தை பற்றிய பத்திகளை வாசியுங்கள்.

படி 5: ஓப்பன் டேயில் கண்ணைத் திறந்து வையுங்கள்

ஹென்ரியெட்டா பார்னெட் பள்ளியின் கட்டடத்தை வடிவமைத்தவர் லட்யன்ஸ், டெல்லியின் குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டியவர். நன்சச் பள்ளியோ எட்டாம் ஹென்றியின் மறைந்துபோன அரண்மனையின் பெயரைத் தாங்கி, பூங்காவை ஒட்டி நிற்கிறது. அழகான இடங்கள், மனம் மயங்கத்தான் செய்யும். மயங்கிய பிறகு கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். மதியம் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், மழை நாளில் எங்கே போவார்கள் என்று பாருங்கள்.

தலைமை ஆசிரியரின் உரையைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் உண்மை தெரிவது உங்களைச் சுற்றிக்காட்டும் மாணவியிடம். நாங்கள் போன ஒரு பள்ளியில், இயர் 8 பிள்ளை ஒருத்தியிடம் என் மகள் கேட்டாள்: "அக்கா, மார்க் குறைஞ்சா என்ன செய்வாங்க?" அந்தப் பிள்ளை யோசிக்கவே இல்லை. "மிஸ் கூப்பிட்டு எந்தக் கேள்வி புரியலன்னு கேப்பாங்க, லஞ்சுல சொல்லித் தருவாங்க," என்றாள். இன்னொரு பள்ளியில் அதே கேள்விக்கு அந்தப் பெண் பக்கத்தில் நின்ற ஆசிரியையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள். இரண்டு பதில்களையும் நான் மறக்கவில்லை.

ஆசிரியர்களிடம் நான் கேட்கச் சொல்வது இவை. தொடக்கப் பள்ளியில் முதலாவதாக இருந்த பிள்ளை இங்கே வந்து இருபதாவது ஆகும்போது என்ன உதவி கிடைக்கும்? இது ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்கும், இதற்குத் தயாரான பதில் இல்லாத பள்ளியை நான் நம்பமாட்டேன். ஆலோசகர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், காத்திருப்பு எவ்வளவு? சாப்பிடாமல் இருக்கும் பிள்ளையை, தூங்காத பிள்ளையை யார் கவனிப்பார்? டிஸ்லெக்ஸியா உள்ள கெட்டிக்காரப் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? பள்ளி நேரம் முடிந்த பின் கிளப்புகளில் உண்மையில் எத்தனை பேர் சேருகிறார்கள்?

படி 6: பயணத்தை ஒரு முறை செய்து பாருங்கள்

நாங்கள் செய்யாமல் விட்டது இது. வரைபடத்தில் 45 நிமிடம் என்று காட்டியது. இரண்டு பேருந்து, நவம்பர் மழை, முதல் பேருந்து நிரம்பி நிற்காமல் போவது எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் மணி நேரம் ஆனது. இயர் 7 முழுவதும் மகள் சாப்பாட்டு மேசையிலேயே தூங்கி வழிந்தாள். பள்ளி நல்ல பள்ளி, தூரம் அவளைத் தின்றது.

பள்ளி நாளில், காலை ஏழேகாலுக்குப் பிள்ளையோடு கிளம்பிப் போய்ப் பாருங்கள். மாலை கிளப் முடிந்து இருட்டில் திரும்பும் வழியையும் பாருங்கள். லண்டனில் 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஜிப் ஆய்ஸ்டர் பயண அட்டையில் பேருந்து இலவசம், ரயில் அப்படியல்ல. கட்டணமில்லாப் பள்ளி என்றாலும் சீருடை, சுற்றுலாச் செலவு உண்டு. பல பள்ளிகள் பெற்றோரிடம் மாத நன்கொடையும் கேட்கும். அது விருப்பத்தின் பேரில்தான், கொடுக்க முடியாவிட்டால் பிள்ளையின் இடத்துக்கு ஒன்றும் ஆகாது.

படி 7: பதினாறு வயதில் என்ன நடக்கும்?

சிக்ஸ்த் ஃபார்முக்கு (இயர் 12, 13) தொடர, அதே பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கும் குறைந்தபட்ச கிரேடு வேண்டும். அது என்ன, சென்ற வருடம் எத்தனை பேர் வெளியேறினார்கள், ஏன் என்று கேளுங்கள். 2017-இல் லண்டனின் ஒரு கிராமர் பள்ளி, மதிப்பெண் போதாது என்று இயர் 12 முடித்த பிள்ளைகளை இயர் 13-க்குச் சேர்க்க மறுத்தது. பெற்றோர் சட்ட நடவடிக்கை எடுத்த பிறகே பின்வாங்கியது. அதனால் இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

படி 8: மகளிடம் கேளுங்கள்

பார்த்த ஒவ்வொரு பள்ளியையும் பற்றி, வீட்டுக்கு வரும் வழியில் நீங்கள் பேசாமல் அவளைப் பேசவிடுங்கள். போட்டி அவளுக்கு உற்சாகம் தருமா, வயிற்று வலி தருமா என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதை மறைக்காமல் கணக்கில் சேருங்கள்.

படி 9: படிவம்

கவுன்சில் படிவத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 31. லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். நீங்கள் எந்த வரிசையில் எழுதினீர்கள் என்பதைக் கணக்கில் எடுத்துப் பள்ளி இடம் தர முடியாது. தகுதி பெற்ற பள்ளிகளில் உங்கள் பட்டியலில் மேலே இருப்பது கிடைக்கும். எனவே வாய்ப்பைக் கணக்குப் போடாமல், உண்மையாக விரும்பும் வரிசையில் எழுதுங்கள். ஆறில் ஒன்று, வீட்டுக்கு அருகே நிச்சயம் இடம் கிடைக்கக்கூடிய சாதாரணப் பள்ளியாக இருக்கட்டும். அதையும் இதே கேள்விகளோடு, இதே அக்கறையோடு, மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். மார்ச் 1 அன்று வரும் மின்னஞ்சலில் அந்தப் பெயர் இருந்தால், அது அவள் ஏற்கெனவே நடந்து பார்த்த பள்ளியாக இருக்கும்.