முற்றத்துக்குப் பேவர் பிளாக்: ஆளைப் பிடிப்பது முதல் கடைசிப் பணம் கொடுப்பது வரை

முற்றத்தில் பேவர் பிளாக் போடலாம் என்று முடிவெடுத்ததும் நாம் முதலில் போய் நிற்பது பிளாக் கம்பெனி வாசலில்தான். சிவப்பா சாம்பலா, ஜிக்ஜாக்கா டம்பெல்லா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடக்கும். பிறகு சதுர அடிக்கு என்ன ரேட் என்று கேட்டு, குறைத்துச் சொன்னவரிடம் வேலையைக் கொடுத்துவிடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். மாசியில் போட்ட முற்றம். ஆனி மழை முடிவதற்குள் கார் சக்கரம் ஓடும் இரண்டு தடமும் வாய்க்கால் மாதிரி இறங்கிவிட்டது. கம்பியால் ஒரு கல்லை நெம்பி எடுத்துப் பார்த்தேன். அடியில் இரண்டு விரல்கடை பாறைப்பொடி, அதற்குக் கீழே நேராகச் செம்மண், அதுவும் குழம்பிப்போய். கல்லில் ஒரு கீறல்கூட இல்லை!

அதையெல்லாம் பெயர்த்து இரண்டாம் முறை போட்டபோது கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ரேட் சொல்லப்போவதில்லை, அது மாதத்துக்கு ஒன்றாக மாறுகிறது.

படி 1: முதலில் உங்கள் மண்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்து கிலோமீட்டருக்குள் மண் மாறிவிடும். கல்குளம், விளவங்கோடு பக்கம் செம்மண்ணும் செங்கல் நிறச் சரளையும். நன்றாக இடித்தால் இறுகும், ஆனால் மழையில் ஊறினால் குழையும். குளச்சல், முட்டம் என்று கடலோரம் போனால் மணல். தண்ணீர் நிற்காது, ஆனால் ஓரத்தில் பிடிமானம் இல்லாவிட்டால் பக்கவாட்டில் நழுவும். மோசமானது நாகர்கோவிலைச் சுற்றி வயலை நிரப்பிப் போட்ட பிளாட். மேலே இரண்டடி செம்மண், அடியில் பழைய வயல் களிமண். அங்கே நிரப்பு மண் ஒன்றிரண்டு மழைக்காலம் அமராமல் பேவர் போடாதீர்கள். அவசரம் என்றால் அடித்தளத்தை இன்னும் சில அங்குலம் கூட்டிப் போடச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கு மழை இரண்டு தடவை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. வேலைக்கு வசதியான காலம் தை, மாசி, பங்குனி.

படி 2: அளவும் கனமும்

டேப்பைப் பிடித்து நீங்களே அளந்துவிடுங்கள். சிட்அவுட் நடையிலிருந்து கேட் வரை 30 அடி, அகலம் 12 அடி என்றால் 360 சதுர அடி. இந்த எண் கையில் இல்லாமல் யாரிடமும் பேச உட்காராதீர்கள்.

பேவர் பிளாக்குக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15658. அதன்படி ஆள் மட்டும் நடக்கும் இடத்துக்கு 50 மி.மீ. கனம், எம்30 கான்கிரீட் (எம் பக்கத்து எண் கூடினால் வலுவும் கூடும்). கார், பைக் போன்ற லேசான போக்குவரத்துக்கு 60 மி.மீ., எம்35, அதற்கு மேல் 80 மி.மீ., எம்40. கார் மட்டும் என்றால் 60 போதும். தண்ணீர் லாரியோ மணல் டிப்பரோ உள்ளே வரும் வீடு என்றால் 80 வாங்குங்கள்.

ரப்பர் மோல்டில் வார்த்த பளபளப்புக் கல்லை நான் வேண்டாம் என்பேன். பார்க்க அழகுதான். ஆனால் ரப்பர் மர நிழலும் சாரலும் உள்ள முற்றத்தில் பாசி பிடித்தால் அதன் மேல் வயதானவர்கள் நடக்கவே முடியாது. மெஷினில் அழுத்தி எடுத்த சொரசொரப்பான கல் நல்லது.

கல்லை வாங்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சாம்பிளாக இரண்டு கல் வாங்கி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, கடைத் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் மூழ்க வைத்து, துணியால் துடைத்து மறுபடி எடை போடுங்கள். தரத்தின்படி கல் உறிஞ்சும் தண்ணீர் சராசரியாக 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதாவது 4 கிலோ கல் 240 கிராம் வரை கூடலாம். ஆய்வகத்தில் அடுப்பில் உலர்த்திப் பார்ப்பார்கள், நம்முடையது தோராயக் கணக்குதான். ஆனாலும் 400 கிராம் குடித்த கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடை பாருங்கள்.

படி 3: ஆளைத் தேடுவது

போட்டோ காட்டுபவரிடம் போட்டோ பார்க்காதீர்கள். இரண்டு மழைக்காலம் கண்ட ஒரு முற்றத்தின் முகவரி கேளுங்கள். நேரில் போய்ப் பாருங்கள், முடிந்தால் மழை பெய்து ஒரு மணி நேரம் கழித்து. தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது, ஓரக் கற்கள் விலகியிருக்கிறதா, சக்கரத் தடம் தெரிகிறதா. அந்த வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் மிச்சமும் வந்துவிடும்.

குறைந்தது மூன்று பேரை வரவழையுங்கள். எல்லாரிடமும் ஒரே கேள்வி. நான் கேட்டது இப்படி:

"அண்ணாச்சி, கல்லுக்கு அடியில என்ன போடுவீங்க, எத்தனை அங்குலம்?"

முதலாமவர், "அதெல்லாம் பாறைப்பொடி தட்டிப் போட்டுரலாம், நீங்க ஒண்ணும் யோசிக்காண்டாம்" என்றார். இரண்டாமவர், பொடியில் சிமெண்ட் கலந்து போட்டால் அசையவே அசையாது என்றார். மூன்றாமவர் பதில் சொல்லவில்லை. மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்து ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி, மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "கார் எத்தனை நிக்கும் சார்?" என்று திருப்பிக் கேட்டார். வேலையை அவருக்குத்தான் கொடுத்தேன்.

சிமெண்ட் கலப்பது பற்றி ஒரு வார்த்தை. அடியிலுள்ள மண் கொஞ்சம் அசைந்தாலே அந்தப் படுகை வெடிக்கும். நாளைக்குக் குழாய் உடைந்து தோண்ட வேண்டி வந்தால் கல்லை முழுசாக எடுக்க முடியாது. எடுத்து மறுபடி வைக்கலாம் என்பதுதானே பேவரின் வசதியே.

படி 4: பேச்சைப் பேப்பரில் எழுதுவது

வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். தோண்டும் ஆழம், ஜல்லி அடித்தளம் இறுகிய பிறகு எத்தனை அங்குலம், கல்லின் கனம், ஓரக்கட்டு யார் செலவு, தோண்டிய மண்ணை எங்கே கொண்டுபோவது, கம்பாக்டர் (தரையை அதிர்த்து இடித்து இறுக்கும் மெஷின்) வாடகை யாருடையது, வெட்டிய துண்டுக்கு எப்படி அளவு: இவை எல்லாம் இருக்கட்டும். தோண்டிய மண்தான் எல்லா வீட்டிலும் சண்டையாகிறது. 360 சதுர அடியில் 10 அங்குலம் என்றால் 300 கன அடி, அதாவது 3 யூனிட் மண். வெட்டியதும் உதிர்ந்து இன்னும் கூடும்.

பணத்தை நான்காகப் பிரியுங்கள். பொருள் இறங்கும்போது, அடித்தளம் முடிந்து நீங்கள் பார்த்த பிறகு, கல் பதித்து முடித்ததும், கடைசிப் பத்து சதவீதம் ஒரு நல்ல மழை பெய்த பிறகு. நல்ல வேலைக்காரர் இந்தக் கடைசிப் பங்குக்கு முகம் சுளிக்க மாட்டார்.

படி 5: அடித்தளம் போடும் நாள்

அலுவலகத்துக்கு லீவு போடுவதாக இருந்தால் இந்த ஒரு நாள் போடுங்கள். கல் பதிக்கும் நாளைவிட இதுதான் முக்கியம்.

முதலில் வாட்டம். 5 அடிக்கு 1 அங்குலம் சரிவு வேண்டும், வீட்டிலிருந்து வெளியே. நம் 30 அடி முற்றத்தில் கேட் பக்கம் 6 அங்குலம் தாழ்ந்திருக்கும். தண்ணீர் நிரப்பிய டியூப்பை இரண்டு முனையிலும் பிடித்து மேஸ்திரி குறி போடும்போது கூடவே நின்று பாருங்கள். ஆனால் இறங்கி வரும் தண்ணீர் தெருவுக்கோ பக்கத்து வீட்டு மதிலுக்கோ போய்ச் சேர வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கிணற்றடியில் ஒரு குழி எடுத்து அங்கே திருப்பிவிட்டால் கோடையில் கிணறு நன்றி சொல்லும். கேட் பக்கம் தண்ணீர்க் குழாயோ வயரோ பின்னால் போகும் வாய்ப்பிருந்தால் இப்போதே ஒரு பிவிசி பைப்பைக் குறுக்கே போட்டு வையுங்கள்.

தோண்டிய தரையை இடித்த பிறகு ஜல்லியும் பொடியும் கலந்த வெட்மிக்ஸ். கார் ஓடும் இடத்தில் இறுகி 6 அங்குலம், ஆள் நடக்கும் இடத்தில் 4. ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடிப்பாதி உதிரியாகவே கிடக்கும். 3 அங்குலம் பரப்பி, தண்ணீர் தெளித்து, கம்பாக்டர் ஓட்டி, அதன் மேல் அடுத்த 3 அங்குலம். நம் கணக்குக்கு இறுகிய அளவு 180 கன அடி. இறுகும்போது குறையும் என்பதால் 2¼ யூனிட் இறக்கச் சொல்லுங்கள். இடித்து முடிந்த தரையில் குதிகாலை ஊன்றித் திருகிப் பாருங்கள், தடம் விழக்கூடாது.

மரம் இருந்தால் கவனம். பலா, மா இவற்றின் ஒரு பக்க வேரை மொத்தமாக வெட்டித் தோண்டாதீர்கள். 2017 ஒக்கிப் புயலில் நம் மாவட்டத்தில் எத்தனை மரம் வேரோடு சாய்ந்தது என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்னையைச் சுற்றியும் கல்லை நெருக்காமல் மண்ணாகவே விடுங்கள்.

படி 6: படுகையும் கல்லும்

மேலே 1 முதல் 1½ அங்குலம் எம்-சாண்ட். தூசி அதிகமுள்ள பாறைப்பொடி தண்ணீரைப் பிடித்துவைத்துச் சேறாகும், அதைத் தவிருங்கள். கடல் மணல் கூடவே கூடாது. உப்பு கல்லில் வெள்ளையாகப் பூக்கும். கரையிலிருந்து அள்ளுவதே குற்றமும்கூட. மணலின் ஈரம் புட்டு மாவுப் பதத்தில் இருக்கட்டும்: கையில் பிடித்தால் பிடி நிற்கும், விரலால் தட்டினால் உதிரும். மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்த பிறகு அதன் மேல் யாரும் மிதிக்கக்கூடாது, வீட்டுக் கோழி உட்பட.

ஓரக்கட்டு கான்கிரீட் இல்லாத முற்றம் கரை இல்லாத குளம். கார் வரும் இடத்தில் கல்லை வரிசையாக அடுக்காமல் குறுக்கும் மறுக்குமாக, மீன்முள் மாதிரி பதிக்கச் சொல்லுங்கள், சக்கரம் தள்ளும்போது கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சிறிய துண்டு வேண்டாம், தெறித்துவிடும். இடைவெளி 2 முதல் 4 மி.மீ.

பதித்ததும் கம்பாக்டர், பிறகு காய்ந்த நைஸ் மணலைத் தூவித் துடைப்பத்தால் இடுக்கில் தள்ளி, மறுபடி கம்பாக்டர். இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகு மணல் இறங்கும், இன்னொரு தடவை நிரப்ப வேண்டும். பல இடங்களில் மாலை ஐந்து மணியானதும் இந்தக் கடைசித் தடவையைத்தான் விட்டுவிட்டுப் போவார்கள்.

படி 7: பணம் முடிக்கும் முன்

நடையில் ஹோஸைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். எங்கே குளம் கட்டுகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு மேஸ்திரியிடம் காட்டுங்கள். அந்தக் கற்களை மட்டும் எடுத்து மணல் சேர்த்து வைக்க அரை மணி நேரம் போதும். பிறகு மழைக்குக் காத்திருங்கள்.

எங்கள் வீட்டில் ஆனி மழை நான்கு நாள் விடாமல் பெய்த பிறகு அவரே வந்து கேட் பக்கம் குனிந்து பார்த்து, ஒரு மூலையில் மணல் நிரப்பிவிட்டு மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். போகும்போது மிச்சமிருந்த கற்களைக் காட்டி, "இதை யாருக்கும் குடுத்துராதீங்க, அடுத்த லோடு இதே கலர்ல வராது" என்றார். இருபத்தைந்து கல், இப்போதும் கிணற்றடியில் அடுக்கித்தான் இருக்கிறது.