'சாஸ்தி'க்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

நம்ம கொங்குப் பக்கம் அதிகம், மிச்சம், அளவுமீறல் எல்லாவற்றையும் 'சாஸ்தி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். ஆங்கிலத்தில் அது நடக்காதுங்க. திருப்பூரிலிருந்து பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) மெயில் போடுகிறவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்கணும்.

பெரிய சிக்கல் 'வெரி', 'டூ' இரண்டிலும்தான். 'த கலர் இஸ் வெரி டார்க்' என்றால் நல்ல அடர்நிறம், அவ்வளவே. 'டூ டார்க்' என்று எழுதினால் வேண்டிய அளவைத் தாண்டிவிட்டது என்று பொருள். சரக்கில் குறை இருப்பதை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

'எக்ஸஸ் ஃபேப்ரிக்' என்பது தேவைக்கு மேல் மிச்சமுள்ள துணி. அதில் குற்றம் இல்லை. 'எக்ஸஸிவ் ஷ்ரிங்கேஜ்' என்றால் ஏற்க முடியாத சுருக்கம், அது புகார். சுருக்கம் 5 சதவீதத்தைத் தாண்டினால் 'எக்ஸீட்ஸ் 5 பர்சென்ட்' போதும். 'எக்ஸீட்ஸ் மோர் தேன்' தப்பு. தாண்டுவது அந்த வினையிலேயே இருக்கிறது.

எண்ணக்கூடிய பீஸுக்கு 'டூ மெனி', எண்ண முடியாத சாயத்துக்கு 'டூ மச்'. வேலையை அளவுமீறிச் செய்தால் 'ஓவர்டூ'. 'கோ ஓவர்போர்ட்' என்பதும் அளவுமீறுவதுதான்; பேச்சுக்குச் சரி, ஆர்டர் மெயிலுக்கு ஒத்துவராது.