பாட்டிலா, ஃபிளாஸ்க்கா? எண்ணிப் பார்த்து எடுங்கள்

பைத்தானில் சின்ன வெப்சைட்டுக்குப் பாட்டில், ஃபிளாஸ்க் இரண்டில் எந்த ஃப்ரேம்வொர்க் (வெப்சைட் கட்ட உதவும் தயார் நிரல் தொகுப்பு) என்று குழம்பினால், ஒவ்வொன்றையும் தனித்தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (மற்ற வேலைகளோடு கலக்காத தனி இடம்) நிறுவி, நிறுவியவற்றைப் பட்டியல் போடும் 'பிப் லிஸ்ட்' கட்டளை கொடுத்துப் பாருங்கள். பாட்டில் போட்டால் அது ஒன்றுதான் புதிதாக வரும். மொத்தமே ஒரே ஃபைல். ஃபிளாஸ்க் போட்டால் வெர்க்ஸாய்க், ஜின்ஜா, கிளிக் என்று இன்னும் குறைந்தது ஆறு பேக்கேஜ் கூடவே வந்து இறங்கும். வருகிற ஒவ்வொன்றையும் நாளைக்கு அப்டேட் செய்ய வேண்டியது நாம்தான். மதுரையில் ஒரு சுங்குடிக் கடைக்குச் சேலைப் படமும் விலையும் காட்டும் நாலு பக்கம் போதுமா? சரி, பாட்டிலே தாராளம்.

ஆனால் கடைக்காரரே லாகின் செய்து விலையை மாற்ற வேண்டும் என்றால் இந்த எண்ணிக்கைக் கணக்கு மட்டும் போதாது. தகவலை மாற்ற உதவும் அட்மின் பக்கம் கூடவே வரும் ஜாங்கோ என்ற ஃப்ரேம்வொர்க்குக்குப் போய்விடுங்கள். லாகின், ஃபார்ம், டேட்டாபேஸ் என்று ஒவ்வொன்றாக ஒட்டவைக்கும் வேலை மிச்சம்.